நம் வாண்டுகளுக்கு ஏன் நாய் இல்லை?

சென்ற டிசம்பரில் மெல்பர்னிலிருந்து மகள், மாப்பிள்ளை, பேரன் மூவரும் கிள்ளைக்கு வந்து மூன்று வாரம் தங்கினார்கள். பேரனுக்கு 9 வயது. தமிழ் நன்றாகப் பேசுவான். படிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும். அவன் பெட்டியில் துணிமணியைவிடப் புத்தகங்கள்தான் அதிகம். வந்த மறுநாள் காலை நான் திண்ணையில் காபியோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு படக்கதைப் புத்தகத்தை என் மடியில் போட்டான். "படிங்க தாத்தா, சிரிப்பு வரும்" என்றான்.

என் ஆங்கிலம் அலுவலகத்தில் கற்றது. பள்ளியில் படித்ததெல்லாம் பிரெஞ்சு. ஆனாலும் படக்கதைக்கு அவ்வளவு ஆங்கிலம் தேவைப்படவில்லை. செம்பட்டைத் தலைப் பையன் ஒருவன், பெயர் ஜிஞ்சர் மெக்ஸ். வீட்டு வேலை சொன்னால் நழுவுவான், தெருச் சண்டையில் முன்னால் நிற்பான், மாட்டிக்கொண்டால் ஊரே கேட்கத் தத்துவம் பேசுவான். அவன் போகுமிடமெல்லாம் மைக் என்றொரு நாய். ஜிம்மி பாங்க்ஸ் என்ற ஓவியர் படைத்த இந்தப் பையன் முதலில் வந்தது 1921 நவம்பர் 13 அன்று, சிட்னி நகரின் 'சண்டே சன்' பத்திரிகையில். பாங்க்ஸ் 1952-இல் காலமானார். அதன் பிறகும் வேறு வேறு ஓவியர்கள் கைமாறி, ஜிஞ்சர் மெக்ஸ் நூறு வயதைத் தாண்டிவிட்டான். நானும் சிரித்தேன். என் துணைவியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, தாத்தாவும் பேரனும் ஒரே வயசா?" என்றார்.

மாலையில் பேரன் கேட்டான்: "தாத்தா, தமிழ்ல இதே மாதிரி ஒரு பையனும் நாயும் வர்ற சிரிப்புக் கதை சொல்லுங்க."

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன் அல்லவா? 'விவரம் சேகரித்துப் பின்னர் பதிலளிக்கப்படும்' என்று மனதுக்குள் குறிப்பெழுதி ஒத்திவைத்தேன். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மற்ற ஊர்க் கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ரிச்மல் கிராம்ப்டன் என்ற பள்ளி ஆசிரியை எழுதிய வில்லியம் கதைகளின் முதல் தொகுப்பு 1922-இல் வந்தது. வில்லியமுக்கு ஜம்பிள் என்று ஒரு நாய். எந்தச் சாதியென்று சொல்ல முடியாத கலப்பு நாய். பெல்ஜியத்தில் 1929 ஜனவரியில் டின்டின் தொடங்கியபோது முதல் நாளிலிருந்தே மிலு என்ற வெள்ளை நாய் கூட வந்தது. வங்காளிகள் அதை மொழிபெயர்த்தபோது மிலுவுக்குக் 'குட்டுஸ்' என்று பெயர் சூட்டித் தங்கள் வீட்டு நாயாக்கிக்கொண்டார்கள். பிரான்சில் கொசினியும் சாம்பேயும் சேர்ந்து உருவாக்கிய 'குட்டி நிக்கோலா' 1960-இல் புத்தகமாயிற்று. அதில் நிக்கோலா பள்ளிவிட்டு வரும் வழியில் ஒரு நாயைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்து, ரெக்ஸ் என்று பெயரும் வைத்துவிடுவான். அம்மா கூடாது என்பாள். பிறகு மெல்ல மெல்ல மனம் இளகும். அந்த நேரம் பார்த்து நாயின் சொந்தக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். இந்தக் கதையை மட்டும் நினைவில் வையுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

இனி நம் கணக்கு. குறும்புப் பையன்களுக்குத் தமிழில் என்றுமே பஞ்சமில்லை. ஆனந்த விகடனில் பணியாற்றிய தேவன் (1913-1957) 'மிஸ்டர் ராஜாமணி'யைத் தந்தார். வீட்டுப் பெரியவர்களைக் கேள்வி கேட்டே திணறடிக்கும் பிள்ளை. வாண்டுமாமா (1925-2014) 'பலே பாலு'வைத் தந்தார். ஆங்கிலத்தில் எழுதினாலும் நம் சென்னைக்காரரான ஆர்.கே. நாராயண் 1935-இல் சுவாமிநாதனையும் அவன் கூட்டாளிகளையும் தந்தார். 1947-இல் 'அம்புலிமாமா', 1950-இல் கலைமகள் குடும்பத்திலிருந்து 'கண்ணன்', 1972-இல் அழ. வள்ளியப்பாவை ஆசிரியராகக் கொண்டு 'கோகுலம்' என்று பத்திரிகைகளும் வந்தன. எனக்கு நினைவு தெரிந்து யானை வந்தது, குரங்கு வந்தது, கிளி வந்தது, பேசும் முயல் வந்தது. நாய் வந்தால் நன்றிக்கு உதாரணமாக, பாடப்புத்தகத்தில் கைகட்டி நிற்பதுபோல வந்து நின்றது. பையனோடு சேர்ந்து வேலி தாண்டி, மாங்காய் திருடி, சேர்ந்தே உதை வாங்கும் கூட்டாளியாக அது வரவில்லை.

நாராயணைப் பாருங்கள். அவருக்கு நாயை வைத்துச் சிரிக்க வைக்கத் தெரியாதா? 'அட்டிலா' என்று அவருடைய சிறுகதை ஒன்று உண்டு. காவலுக்காக வளர்த்த நாய், ஊரையே நேசிக்கும், திருடனையும் நேசிக்கும். அந்தப் பாசத்தால் திருடன் பின்னாலேயே போய், தன்னை அறியாமலே அவனைப் பிடித்துக் கொடுத்துவிடும். ஆக, அவரிடம் சிறுவர்களும் இருந்தார்கள், நாயும் இருந்தது. சிறுவர்களை ஒரு புத்தகத்தில் வைத்தார், நாயை இன்னொரு புத்தகத்தில் வைத்தார்.

'நமக்கு நாய் மேல் பிரியமில்லை' என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்ப மாட்டேன். பைரவருக்கு வாகனமே நாய். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று ஊர்ப்பெயரையே நாய்க்கு வைத்தவர்கள் நாம். ஆனால் அந்த நாயின் இடம் வாசலோடு சரி. வீட்டுக்குள் உரிமையோடு நடமாடிய விலங்கு வேறு.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. குழந்தையைக் காக்கப் பாம்பைக் கொன்ற கீரிப்பிள்ளையை, அதன் வாயில் இரத்தத்தைக் கண்டு தாய் தவறாக அடித்துக் கொன்ற கதை நம் எல்லோருக்கும் தெரியும். பஞ்சதந்திரத்தில் உண்டு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் வருகிறது. அந்தப் பாவத்தைத் தீர்த்துக்கொள்ள அந்தப் பெண்ணுக்குப் பொருள் கொடுத்து உதவியவன் கோவலன். கிள்ளைக்குத் தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் பூம்புகார். எங்கள் பக்கத்து ஊர்க் கதை என்றே சொல்லலாம். இதே கதை மேற்கே பயணம் போனபோது கீரிப்பிள்ளை நாயாகிவிட்டது. வேல்ஸ் நாட்டில் அதன் பெயர் கெலெர்ட். பிரான்சில், லியோன் நகருக்கு அருகே, அதன் பெயர் கினெஃபோர். அங்கே கிராமத்து மக்கள் அந்த நாயைப் புனிதராகவே கும்பிட்டு, நோயுற்ற குழந்தைகளை அதன் சமாதிக்குத் தூக்கி வந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் எத்தியேன் தெ பூர்போன் என்ற துறவி இதைக் கண்டு கோபமடைந்து அந்த இடத்தை அழித்தார். வழிபாடு அதற்குப் பிறகும் பல நூற்றாண்டு நின்றபாடில்லை. தொட்டில் அருகே படுத்திருக்கத் தக்க விலங்கு அவர்களுக்கு நாய், நமக்குக் கீரி. கதை மாறவில்லை, வீட்டுக்குள் யாருக்கு இடம் என்பதுதான் மாறியது.

சரி, ஏன் வாசலோடு நிறுத்தினோம்? ஆசாரம் ஒரு காரணம். தெரு நாய் யாருடைய சொத்துமல்ல, ஊருக்கே சொந்தம் என்பது இன்னொரு காரணம். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம் இருந்தது. வெறிநாய்க்கடி.

இந்த நோய் மூளையைத் தாக்கி அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மேஸ்தர் என்ற 9 வயதுப் பையனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். நம் நாட்டில் 1900-இல் இமயமலைப் பக்கம் கசௌலியில் பாஸ்டர் நிலையம் வந்தது. தெற்கே இருப்பவர்களுக்கு 1907-இல் குன்னூரில் வந்தது. நாய் கடித்தால் குன்னூருக்கு ரயில் ஏறு என்பது நம் தாத்தாக்கள் காலத்துப் பேச்சு. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் ஆட்டு மூளையிலிருந்து தடுப்பூசி தயாரிக்கும் முறையை உருவாக்கினார். அதுதான் பிற்பாடு ஊர் ஆஸ்பத்திரிகள் வரை வந்து சேர்ந்த, தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசி. வீரியம் குறைந்த மருந்து என்பதால் இத்தனை ஊசி. சிலருக்கு அந்த மருந்தாலேயே பக்கவாதம் வந்ததும் உண்டு.

இப்போது ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே நாய்களிடம் இந்த நோய் வேரூன்றவே இல்லை. ஜிஞ்சர் மெக்ஸை மைக் கடித்தால் அது வெறும் கடி. அம்மா திட்டுவாள், கட்டுப் போடுவாள், அடுத்த படத்தில் அவன் ஓடிக்கொண்டிருப்பான். இங்கிலாந்தில் 1902-இல் நோயை ஒழித்தார்கள். உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-இல், அது திரும்ப நுழைந்தது. மறுபடி முழுதாக ஒழித்தது 1922-இல். வில்லியமும் ஜம்பிளும் புத்தகமாக வந்த அதே ஆண்டு! ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சிரிப்புக்குப் பயமில்லாத இடம் வேண்டும். நாயின் பல்லைப் பார்த்தால் சாவு நினைவுக்கு வரும் ஊரில், பையனையும் நாயையும் ஒரே பாயில் படுக்கவைத்து எழுத்தாளர் எப்படிச் சிரிக்க வைப்பார்? எந்தத் தாய் அந்தப் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுப்பாள்? இதுதான் என் முடிவு.

இதை நூலகத்தில் மட்டும் தேடி நான் கண்டுபிடிக்கவில்லை. என் வயிற்றிலேயே எழுதியிருக்கிறது.

1960. எனக்கும் 9 வயது. புதுச்சேரியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா குடியிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோன் வரை போய் வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் நாய்க்கு வழக்கமாக வைக்கும் பெயர் மெதோர். நானும் அதையே வைத்தேன். பாட்டிக்கு அது வாயில் நுழையவில்லை. "மேட்டூர், மேட்டூர்" என்று அணைக்கட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அதற்கும் அது வாலாட்டிக்கொண்டு ஓடும். அம்மா கண்ணில் படாமல் காலை ரொட்டியில் பாதியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். பள்ளி வாசல் வரை வரும். வாயிற்காரர் விரட்டினால், பெரிய மனிதர்போல நின்று அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும். ஜிஞ்சர் மெக்ஸ் யாரென்று தெரியாமலே எட்டு மாதம் ஜிஞ்சர் மெக்ஸாக இருந்தேன்.

ஒருநாள் மாலை ரொட்டித் துண்டை உயரத் தூக்கி விளையாட்டுக் காட்டினேன். எகிறியது. பல் என் முழங்கையில் பட்டது. இரண்டு சொட்டு இரத்தம். நான் அழவில்லை. பார்த்துவிட்ட ஒரு பெரியவர்தான் கத்தினார். தெரு கூடிவிட்டது. அன்று இரவே மெதோரைத் தடியால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். யாரென்று அப்போதும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது அவர்கள் யாரும் உயிரோடு இல்லை. என் மேல் பாசம் வைத்தவர்கள்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "நாய் எங்கே?" அப்பா தலைகுனிந்தார். கடித்த நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்க வேண்டும். அதற்குள் அதற்கு ஒன்றும் ஆகவில்லையென்றால், கடித்தபோது அதன் எச்சிலில் நோய் இல்லை என்று அர்த்தம், ஊசியை நிறுத்திவிடலாம். நாயைக் கொன்றுவிட்டால் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆகவே 14 ஊசியும் போட்டாக வேண்டும். போட்டார்கள். தினமும் காலையில் அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து அழைத்துப் போவார். போகும்போதும் பேச மாட்டார், வரும்போதும் பேச மாட்டார். எங்கள் முசே வகுப்பில் பாஸ்டர் பாடம் நடத்தி, ஜோசப் மேஸ்தருக்கும் உன் வயதுதான் என்று எனக்குத் தைரியம் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. மேஸ்தரைக் கடித்த நாய் வெறி பிடித்த நாய். மெதோருக்கு ரொட்டிதான் வேண்டியிருந்தது.

நாலைந்து வருடம் கழித்துப் பள்ளி நூலகத்தில் குட்டி நிக்கோலாவைப் படித்தேன். ரெக்ஸ் கதை வந்ததும் வகுப்புத் தோழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். நிக்கோலாவின் நாயை அதன் சொந்தக்காரர் வந்து அழைத்துப் போனார். போன இடத்தில் அது உயிரோடு இருந்தது.

பிற்பாடு காலம் மெல்ல மாறியது. தெரு நாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடையும் தடுப்பூசியும் போடலாம் என்று சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 1960-களிலிருந்தே சொல்லி வந்தது. சென்னை மாநகராட்சி 1996-இல் கொல்வதை நிறுத்தியது. 2001-இல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. ஆட்டு மூளை ஊசித் தயாரிப்பு 2004 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. இன்று போடுவது கையில், நாலைந்து முறை, அவ்வளவுதான்.

அந்த 2004 டிசம்பரை எங்கள் கடலோரம் வேறு காரணத்துக்காக மறக்காது. 26-ஆம் தேதி காலை ஆழிப்பேரலை வந்தது. கிள்ளையை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு என்ற தீவுக் குடியிருப்பு சிதைந்துபோனது. அதே காலையில் புதுச்சேரிக்கு வடக்கே சின்னக்காலாப்பட்டில் நடந்ததை உலகப் பத்திரிகைகள் எழுதின. தாய் இரண்டு சிறு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓட, ஏழு வயது மூத்தவன் பயத்தில் கடலோரக் குடிசைக்குள்ளேயே புகுந்துகொண்டான். அவர்கள் வீட்டு நாய் உள்ளே போய் அவனை முட்டி, இழுத்து, வெளியே தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அடுத்த மாதம் 9-ஆம் தேதி அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் நாயும் அதில் உண்டு. நான் இரண்டு தாள் வாங்கிவைத்தேன். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

பயம் வீண் என்று சொல்லிவிடக் கூடாது. உலகில் வெறிநாய்க்கடியால் இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்றும் நம் நாட்டில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் சிறுவர்கள் நிறைய. நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதில் விளையாட்டுக் கூடாது.

மறுபடி பேரனிடம் வருகிறேன். எங்கள் தெருவில் செவலை நிறத்தில் ஒரு நாய் உண்டு. மீன் கூடைக்காரம்மா பின்னால் தினமும் பிச்சாவரம் சாலை வரை போய் வரும். பேரன் அதற்குப் பிஸ்கட் போட ஆரம்பித்தான். மகள் பதறினாள். "அப்பா, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லாமல், தெருப் பையன்கள் இருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் அந்த நாயைக் கொண்டுபோய்த் தடுப்பூசி போட்டு வந்தேன். பேரன் அதற்கு மைக் என்று பெயர் வைத்தான். இரவெல்லாம் அது குரைப்பதைக் கேட்டு என் துணைவியார் 'மைக்செட்' என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்குப் பாட்டி நினைவு வந்துவிட்டது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு, திண்ணையில், பேரனுக்கு மெதோர் கதையைச் சொன்னேன். மகளுக்கும் அதுவரை சொன்னதில்லை. அவள் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 'மேட்டூர்' வந்த இடத்தில் பேரன் உருண்டு சிரித்தான். கதை முடிந்ததும் கேட்டான்: "பத்து நாள் ஏன் தாத்தா வெயிட் பண்ணல?"

அறுபத்தைந்து வருடமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "பயந்துட்டாங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் அவன் தன் கையாலேயே தமிழில் எழுதிய ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஒன்பது வரி. மைக்செட் மீன் திருடியதும், கிள்ளைத் தாத்தா துரத்தியதும், தாத்தா சேற்றில் விழுந்ததும். நான் விழவில்லை, அது கற்பனை. 'நாய்' என்பதை 'ஞாய்' என்று எழுதியிருந்தான். நான் திருத்தவில்லை. துணைவியாருக்குப் படித்துக் காட்டினேன். இருவரும் சிரித்தோம்.